கரைகாத்தாளுக்குச் சாட்டிய நாள்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க. சோற்றுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டே வந்து உட்காருங்க, பரவாயில்லை. தள்ளி உட்கார்ந்தால் இந்தக் கதையில் பாதி காற்றோடு போய்விடும். இதில் எல்லாரும் ஓடுகிறார்கள். சொல்கிற எனக்கே மூச்சு வாங்கும்.

"தாயி, போகட்டுமா, இருக்கட்டுமா?"

சூளை வாசலில் வந்து நின்ற மாசாணம் கேட்டது இதுதான். வேட்டி தொடைக்கு மேலே ஏறிக் கிடந்தது. கழுத்தில் தொங்கிய தமுக்கு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மாசாணம் ஆலாங்கரை ஊரின் தமுக்குக்காரன். மீசை நரைத்த ஆள். அரண்மனை ஆணையானாலும் சரி, காணாமல் போன ஆடானாலும் சரி, அவன் தமுக்கு அடித்து முச்சந்தியில் கூவினால்தான் அது ஊருக்குச் சேதி. கூவாத வரைக்கும் வெறும் பேச்சு.

அவனுடைய குரு சடைச்சி. வயசு அவனுக்குப் பாதி இருக்கும். எங்கிருந்தோ வந்தவள். ஆற்றோரம் யாரும் சீந்தாமல் கிடந்த சுண்ணாம்புச் சூளையில் குடியிருந்தாள். தலை, புருவம், தோள் எல்லாம் வெள்ளைத் தூசி. "சீடனுக்கு மீசை நரைச்சுது, குருவுக்குப் புருவம் நரைச்சுது" என்று ஊரில் கேலி. அவன் அவளைத் தாயி என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். அதுவும் கேலிக்குத் தீனிதான்.

சடைச்சி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கே போகணும்ணா?"

"அக்கரைக்கு. ராக்கியண்ணன் பரிசலோட நிக்கிறான். பாவாயி ஏறி உட்கார்ந்துட்டா. கோழியெல்லாம் காலைக் கட்டியாச்சு."

"கோழி என்ன சொல்லுது?"

"தாயி!"

"சரி, சரி. இருந்தா என்ன?"

"இருந்தா அந்த ஆணையைக் கூவணும். கூவலேன்னா புளியமரத்துல தொங்கணும்."

எந்த ஆணை என்று சொல்லிவிடுகிறேன்.

பழைய ராசாவைச் சிறையில் போட்டுவிட்டு, அவருடைய தளவாய் அரியணையில் ஏறியிருந்தார். பிறந்த ராசாவுக்கு ராசா மாதிரி நடக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இவருக்கு இருந்தது. அதனால் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டார். ஆற்றங்கரைக் காவல் அம்மன் கரைகாத்தாள் தன் கனவில் வந்து வாளைக் கையில் கொடுத்தாள் என்று ஊர் ஊராகச் சொல்ல வைத்தார். கேட்டுச் சிரித்தவர்கள் இப்போது இல்லை.

சிரிக்காதவர்களும் பரிசல் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அக்கரை வேறு ராச்சியம். இன்றைக்கு இந்த வீட்டில் பூட்டு, நாளைக்கு அந்த வீட்டில் பூட்டு. முதலில் போனவர் கோயில் பூசாரி.

இப்போது தளவாய் படையோடு ஆலாங்கரைக்கே வந்து களத்துமேட்டில் கூடாரம் போட்டிருந்தார். தெற்குச் சீமையோடு சண்டை. வீட்டுக்கு ஒரு வாலிபன் பொழுது சாய்வதற்குள் ஆற்றுத்துறைக்கு வந்து நிற்க வேண்டும். ஒளித்து வைத்த வீட்டின் கூரைக்குத் தீ. இதுதான் ஆணை.

அதை மாசாணம் கூவ வேண்டும். தமுக்கு அடிக்காமல் பிள்ளைகளை இழுத்துப் போனால் தளவாய் வெறும் கொள்ளைக்காரர். அடித்த பிறகு இழுத்துப் போனால் ராசா. இந்த வித்தியாசம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"போனா உயிர் மிஞ்சும், தாயி. இருந்தா மானம் மிஞ்சும்."

"ரெண்டுமே மிஞ்சினதுதானா? சுடச்சுட எதுவும் இல்லையா?"

மாசாணம் தலையில் அடித்துக்கொண்டான்.

"நான் போயிட்டா கூவ ஆளில்லை. ஆணை நின்னுடும்."

"அப்படியா?"

"எங்கே நிக்கும்? வேற ஒருத்தன் கழுத்துல தமுக்கை மாட்டிடுவாரு. பயலுகளை இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்க."

"அப்போ இருங்க."

"இருந்து, கூவ மாட்டேன்னு சொன்னா என்னைத் தொங்க விட்டுட்டு, அப்புறமும் வேற ஒருத்தன் கழுத்துலதான் மாட்டுவாரு."

"அப்போ போங்க."

"இதைத்தான் வழி நெடுக நானே எனக்குச் சொல்லிக்கிட்டு வந்தேன். இதுக்கு ஒரு குரு எதுக்கு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்ணா."

ஆற்றுப் பக்கமிருந்து ஒரு குரல் கரையை உரசிக்கொண்டு வந்தது. மாசாணத்தின் பெண்டாட்டி பாவாயி.

"ஏனுங்க! வர்றீங்களா, இல்லே கோழிகளோட நான் மட்டும் போய்க் குடும்பம் நடத்தட்டுமா?"

சடைச்சி எழுந்தாள். மாசாணத்தின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றாள். தமுக்கை உற்றுப் பார்த்தாள். கையிலிருந்த கலயத்தைக் கவிழ்த்தாள்.

கஞ்சி முழுவதும் தோலில் பரவி வழிந்தது.

"ஐயையோ!"

மாசாணம் குச்சியால் தட்டிப் பார்த்தான். டண் என்று பேச வேண்டிய தோல் தொப் என்றது. ஊறிய அப்பளம் மாதிரி.

"இதைக் காய்ச்சாம ஒரு அடி அடிக்க முடியாது!"

"காய்ச்சுங்க."

"உச்சிப் பொழுது ஆயிடும்!"

"அப்போ உச்சி வரைக்கும் போறதும் இல்லை, இருக்கறதும் இல்லை. உட்காருங்க."

அவன் உட்காருவதற்குள் குதிரைச் சத்தம். சிப்பாய் ஒருவன் வந்து குதித்தான்.

"யோவ், தமுக்கு! இங்கே என்ன பண்றே? ஏன் இன்னும் சத்தம் வரலேன்னு தளவாயய்யா பல்லைக் கடிக்கிறாரு."

சடைச்சி சொன்னாள்.

"தோல் நமுத்துப் போச்சு. நமுத்த தமுக்குல ராசா ஆணையைக் கூவினா என்ன சகுனம்னு உங்க அய்யாவையே கேட்டுட்டு வா. இல்லேன்னா ஒரு கட்டு வைக்கோல் கொண்டா, காய்ச்சித் தர்றோம்."

"நானா?"

"பின்னே, உன் குதிரையா?"

பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவரிடம் சகுனத்தைப் பற்றிக் கேட்பதைவிட வைக்கோல் சுமப்பது மேல் என்று அவனுக்குப் பட்டிருக்கும். கொண்டுவந்து போட்டான்.

மாசாணம் தீ மூட்டினான். தமுக்கைச் சூட்டில் காட்டித் திருப்பித் திருப்பிப் பிடித்தான். சூளைக்கு மேலே சாய்ந்து நின்ற வேப்ப மரத்திலிருந்து பூ உதிர்ந்து அவன் தலையில் விழுந்தது.

சடைச்சி அதில் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இது பூத்தா இந்த ஊருல என்ன செய்வீங்க?"

"ரசம் வைப்போம்." கோபம் இன்னும் தீரவில்லை அவனுக்கு.

"வேற?"

"பூத்து வர்ற செவ்வாயில கரைகாத்தாளுக்குத் திருவிழா சாட்டுவோம். இந்த வருசம் ஏது? பூசாரிதான் முதல் பரிசல்லயே போயிட்டாரே."

"சாட்டினா என்ன ஆகும்?"

"இந்த ஊர்லயே இருந்துக்கிட்டுக் கேக்கறீங்களே!"

"வந்தேறிங்ணா நானு. சொல்லுங்க."

தமுக்கைத் திருப்பிக்கொண்டே சொன்னான்.

"சாட்டிட்டா எல்லை கட்டியாச்சு. அந்த நேரத்துல ஊர் மண்ணுல யாரெல்லாம் நிக்கிறாங்களோ, அவங்க யாரும் எல்லை தாண்டக் கூடாது. அம்மா ஆத்துல இறங்கற வரைக்கும். விருந்தாளி மாட்டிக்கிட்டா அவனுக்கும் அதேதான், இருந்து சாப்பிட்டுத்தான் போகணும். வாளை உருவக் கூடாது. கூரையில தீ வைக்கக் கூடாது. கயித்துல சுருக்குப் போடக் கூடாது. காலுல செருப்புகூடப் போடக் கூடாது."

"மீறினா?"

"மீறினவன் யாரையும் நான் பார்த்ததில்லை."

சிப்பாய் குறுக்கே விழுந்தான். "நான் பார்த்திருக்கேன். எங்க பெரியப்பன். ரெண்டு கண்ணும் போச்சு."

"நீ எந்த ஊரு சாமி?" என்றாள் சடைச்சி.

"கீழ்க்கரைங்க. எங்களுக்கும் கரைகாத்தாதான்."

"உங்க படையில இருக்கறவங்களுக்கு?"

"முக்காவாசிப் பேரு இந்த ஆத்துத் தண்ணி குடிச்சவங்கதானுங்க."

எப்போது அவளுக்கு 'ங்க' போட ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நல்லா இரு. இன்னொரு கட்டு வைக்கோல் கொண்டா."

அவன் போனான். சடைச்சி மாசாணத்தின் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"சாட்டறது யாரு?"

"பூசாரி."

"பூசாரி தமுக்கு அடிப்பாரா?"

"அவரு எதுக்கு அடிக்கிறாரு? கும்பம் எடுப்பாரு, காப்புக் கட்டுவாரு, முதல் பொங்கலைத் திம்பாரு. சாட்டறது..."

மாசாணத்தின் கை நின்றுவிட்டது.

தமுக்குத் தோல் கருகுகிற வாசம் வந்தது. சடைச்சி அதைத் தீயிலிருந்து வெடுக்கென்று இழுத்தாள்.

"சாட்டறது?"

"நானு."

பாருங்க, வருசா வருசம் தன் கையால் சாட்டியவன். பூசாரி ஓடிப்போனார் என்றதும் திருவிழாவும் அவரோடு பரிசல் ஏறிவிட்டது என்று ஊர் நினைத்தது. அவனும் ஊரோடு சேர்ந்து நினைத்தான். பொங்கல் தின்கிறவர்தான் திருவிழா என்று இருந்துவிட்டான்!

"இன்னைக்கு என்ன கிழமைங்ணா?"

"செவ்வா!"

கத்தியே விட்டான். எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

பிறகு முகம் விழுந்தது.

"சாட்டிட்டா நானும் போக முடியாது."

"முடியாது."

"திருவிழா முடிஞ்சதும் முதல் கயிறு எனக்குத்தான்."

"ஆமா."

"தாயி, அதுக்கு ஏதாவது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

"ஊத்தறதுக்குக் கஞ்சியும் இல்லைங்ணா, தீர்ந்துபோச்சு."

மாசாணம் சிரித்துவிட்டான். தமுக்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆற்றுக்கு ஓடினான்.

பரிசல் கரையை ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. ராக்கியண்ணன் துடுப்போடு நின்றான். பாவாயி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள், மடியில் கோழிகள்.

"வந்தீங்களா மகராசா. ஏறுங்க!"

"ஏற மாட்டேன். நீ போ."

"என்னது?"

"கரைகாத்தாளுக்குச் சாட்டப் போறேன். நான் அடிக்கறதுக்குள்ள நீ அக்கரைக்குப் போயிடு. அடிச்சுட்டா அப்புறம் உன்னாலயும் போக முடியாது."

பாவாயி அவனைப் பார்த்தாள். கையிலிருந்த தமுக்குக் குச்சியைப் பார்த்தாள். களத்துமேட்டுக் கூடாரங்களைப் பார்த்தாள்.

"தொங்க விட்டுருவானுங்களே உங்களை."

"ஆமா. அதுக்குத்தான் உன்னைப் போகச் சொல்றேன்."

"கூறு கெட்ட மனுசா! திருவிழா சாட்டிட்டுப் பொங்கல் வைக்க யாரைக் கூப்பிடுவீங்க? அந்தத் தளவாயையா?"

கோழிகளை ஒவ்வொன்றாகக் கரைக்கு வீசினாள். மூட்டையை வீசினாள். அது மாசாணத்தின் வயிற்றில் வந்து விழுந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்து வந்தாள்.

"அப்போ நானு?" என்றான் ராக்கியண்ணன்.

"இருக்கறதுன்னா இறங்கு. போறதுன்னா இப்பவே துடுப்பைப் போடு. ஒண்ணும் தப்பில்லை."

ராக்கியண்ணன் துடுப்பைப் போட்டான். அவனைக் குறை சொல்லாதீங்க. அவனுடைய பெண்டு பிள்ளையெல்லாம் அக்கரையில். நடு ஆற்றில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டான்.

முச்சந்தியில் ஊர் திரண்டிருந்தது. புளியமரத்தில் கயிறு தயாராகத் தொங்கியது, சுருக்குப் போட்டு. அதன் கீழே நாற்காலியில் தளவாய். நெற்றி நிறையக் குங்குமம், முழங்கால் வரைக்கும் தோல் செருப்பு வார்.

"காய்ஞ்சுதா?" என்றார்.

"காய்ஞ்சுதுங்க."

"அடி."

ஆணைக்கு ஒரு அடி, அம்மனுக்கு வேறு அடி. அது அந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆணைக்கு ஒற்றையடி. ஆள் தனியாக நடந்து வருகிற மாதிரி.

டண்.

டண்.

டண்.

தாய்மார்கள் பக்கத்தில் நின்ற பிள்ளைகளின் கையைப் பிடித்தார்கள். அப்பன்மார்கள் மண்ணைப் பார்த்தார்கள். தளவாய் சாய்ந்து உட்கார்ந்தார்.

மாசாணத்தின் கை மேலே போனது. அங்கேயே நின்றது. கூட்டத்தில் பாவாயியைத் தேடினான். அவள் கோழியோடு நின்றிருந்தாள். "என்னைப் பார்த்து என்ன? கையைப் பாருங்க!" என்று கத்தினாள்.

டண்டணக்கு டண்டணக்கு டண்டணக்கு டண்!

ஒரு மூச்சு நேரம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. மாடுகள் காதைத் தூக்கின.

டண்டணக்கு டண்டணக்கு டண்டணக்கு டண்!

எங்கோ ஒருத்தி குலவை போட்டாள். இன்னொருத்தி போட்டாள். அப்புறம் தெருத் தெருவாகக் குலவை கிளம்பியது. மாசாணம் நரம்பு புடைக்கக் கூவினான்.

"கேளுங்க சனங்களே! வேம்பு பூத்தாச்சு! செவ்வா வந்தாச்சு! கரைகாத்தாளுக்குச் சாட்டியாச்சு! நின்னவங்க நின்ன மண்ணு! எல்லை கட்டியாச்சு! எல்லை கட்டியாச்சு! எல்லை கட்டியாச்சு!"

"பிடிங்கடா அவனை!"

தளவாய் எழுந்து நின்று அலறினார். யாரும் அசையவில்லை. வைக்கோல் கொண்டுவந்த சிப்பாய் முதலில் குனிந்தான். செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் நின்றவன் குனிந்தான். வரிசை முழுவதும் காற்றடித்த கம்பு வயல் மாதிரிக் குனிந்து நிமிர்ந்தது. உருவிய வாள்கள் உறைக்குள் போயின. மரத்தடியில் நின்றவன் கயிற்றைத் தொட்டான், பயந்து கையை எடுத்தான், பிறகு தைரியம் வந்து சுருக்கை அவிழ்த்தே விட்டான்.

"என்னடா பாக்கறீங்க?"

"அய்யா..." என்றான் வைக்கோல் சிப்பாய். "செருப்புங்கய்யா."

ஊர் முழுவதும் தளவாயின் காலைப் பார்த்தது.

கரைகாத்தாள் கனவில் வந்து வாள் கொடுத்த ஆள் அல்லவா? வேறு வழியில்லை. குனிந்தார். முழங்கால் வரைக்கும் வார். அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. உதவிக்கு ஒருவனும் வரவில்லை.

ஆனால் அவரையும் லேசாக எடைபோடாதீங்க. அரியணை வரைக்கும் ஏறிய ஆள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நல்லது. அம்மா திருவிழா. நானே முன்னால நின்னு நடத்தி வைக்கிறேன். எப்போ முடியும்?"

ஊர்ப் பெரியவர் ஒருவர் சொன்னார். "முளைப்பாரி ஒரு சாண் வளர்ந்ததும் அதை ஆத்துல கரைப்போமுங்க. அதோட அம்மா இறங்கிடுவா. எல்லை திறந்துடும்."

"பயறுதானே?"

"பச்சைப்பயறுங்க. பானையில விதைச்சு, கோயில் இருட்டுல வைப்போம்."

"ஒரு வாரத்துல வளர்ந்துடும்."

"வளர்ந்துடுமுங்க."

தளவாய் மாசாணத்தைப் பார்த்தார். "அந்தக் கயித்தைப் பத்திரமா எடுத்து வைங்க. முளைப்பாரிக்குக் காலையிலும் சாயங்காலமும் என் கையால நானே தண்ணி ஊத்துறேன்."

அவர் அவசரம் அவருக்கு. தலைநகரில் அரியணை காலியாகக் கிடந்தது. காலி ஆசனத்தைப் பூனைகூட விட்டுவைக்காது.

"விதையை யார் கொண்டுவருவா?"

பூசாரி வீட்டுப் பொறுப்பு அது. பூசாரி வீட்டில் பூட்டு. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் கொண்டுவர்றேன்" என்றாள் சடைச்சி.

"சாமியாரம்மா கை" என்றார் தளவாய். "சுத்தமான கை. சீக்கிரம் முளைக்கும்."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு பாவாயியும் கூட வர, சூளைக்குத் திரும்பினார்கள். மாசாணம் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு வாரம் கிடைச்சுது, தாயி. அதுவே பெரிசு. பயலுகளுக்கு ஒரு வாரம். பாவாயி கையால ஒரு வாரம் சோறு. அப்புறம் பார்த்துக்கலாம்."

சடைச்சி வைக்கோல் சாம்பலை ஊதினாள். கங்கு கண் விழித்தது. இரண்டு சுள்ளியை வைத்தாள்.

"பாவாயிக்கா, பயறு இருக்கா?"

பாவாயி மூட்டையை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள். பச்சைப்பயறு, கல் இல்லாமல் புடைத்தது. அக்கரையில் போய் விதைக்க எடுத்து வைத்திருந்தது.

"விதைக்கறதுக்கு முந்தி ஊற வைக்கணும், தாயி" என்றான் மாசாணம்.

"அப்படியா?"

உடைந்த சட்டி ஒன்றைத் தேடி எடுத்தாள். அடுப்பில் ஏற்றினாள். பயறு முழுவதையும் அதில் கொட்டி, வேப்பங்குச்சியால் கிளற ஆரம்பித்தாள்.

பயறு படபடவென்று வெடித்தது. வாசம் சூளை முழுவதும் நிறைந்தது.

பாவாயிக்கு முதலில் விளங்கியது. சேலைத் தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மாசாணம் அவளைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான்.

"தாயி! இது முளைக்கவே முளைக்காதே! அம்மாவையே ஏமாத்தலாமா?"

"வறுத்த பயறு பிடிக்காதுன்னு அம்மா உங்ககிட்டச் சொன்னாளா?"

வெளியே வைக்கோல் சிப்பாயின் குரல் கேட்டது. "அம்மா! விதை தயாருங்களா? அய்யா சொம்போட நிக்கிறாரு! ரொம்ப நேரமா நிக்கிறாரு!"

"ஆச்சு சாமி, ஆச்சு!"

சட்டியை இறக்கினாள். ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மென்றாள். மாசாணத்துக்கு ஒரு பிடி, பாவாயிக்கு ஒரு பிடி. மீதியைச் சாணிப்பாலில் நன்றாகப் புரட்டினாள், விதைக்குச் செய்கிற மாதிரி. மஞ்சள் துணியில் முடிந்து தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். வழி நெடுகக் குலவை.

பானைகள் வரிசையாக இருந்தன. தளவாய் வெறுங்காலோடு, சொம்பும் கையுமாக நின்றார்.

சடைச்சி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு முணுமுணுத்தது. ஒவ்வொரு பானையிலும் ஒவ்வொரு பிடியாக, ஒரு மணிகூடக் கீழே சிந்தாமல், பயபக்தியோடு விதைத்தாள்.

பிறகு தளவாய் தண்ணீர் ஊற்றத் தோதாக, கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.